தோட்டத்துத் தொட்டியில் கொக்கு தினமும் மீன் தின்கிறது, வலை கட்டலாமா?

சிமென்ட்தொட்டி – ஜூன் 28

வணக்கம். கேட்க வேண்டியது மூன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் வடவள்ளியைத் தாண்டி ஐந்து சென்ட் இடத்தில் வீடு. பின்பக்கம் ஒரு கொய்யா, ஒரு முருங்கை, மருதாணி வேலி, அவ்வளவுதான் தோட்டம். போன பிப்ரவரியில் அங்கே பத்தடிக்கு ஆறடி, இரண்டரை அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினேன். அல்லி வளர்க்கத்தான் ஆசை. ஆனால் வெறும் தண்ணீராகக் கிடக்கிறதே என்று மீன் கடைக்குப் போய் இருபது கோல்டு ஃபிஷ்ஷும் ஒரு கவர் நிறையக் கப்பியும் வாங்கி வந்து விட்டேன். முதல் வாரமே ஏழு கோல்டு ஃபிஷ் செத்து மிதந்தது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை. மிச்சத்தைக் கொக்கு பார்த்துக்கொண்டது.

இந்தக் கொக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காலை ஆறேகால் ஆனால் மதில்மேல் வந்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் கொக்கு என்றே தெரியாது. பழைய சாக்கைச் சுருட்டி வைத்த மாதிரி, கழுத்தே இல்லாமல், மண் நிறத்தில். அங்கிருந்து தொட்டி விளிம்புக்கு ஒரு தாவல், அப்புறம் இருபது நிமிடம் அசையாது. நான் காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே இடம், அதே கோணம். கழுத்து எப்போது நீள்கிறது என்பதை இதுவரை என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்கும்போது வாயில் ஆரஞ்சாக ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். கதவைத் திறந்தால் பறந்துவிடும். பறக்கும்போது பார்த்தால் இறக்கை முழுக்கப் பளீரென்று வெள்ளை, இவ்வளவு வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது என்று தோன்றும். ஒரு மாதமாக அதன் முதுகு மட்டும் கருஞ்சிவப்பாக மாறியிருக்கிறது. என் பையன் அதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்துவிட்டான். எனக்கு வயிறு எரிகிறது, ஒரு மீன் நாற்பது ரூபாய்.

தொட்டிமேல் நைலான் வலை கட்டலாம் என்று இருக்கிறேன், யாராவது கட்டியிருக்கிறீர்களா? இன்னொன்று, பத்து நாளாகச் சாயங்காலம் இருட்டும் நேரத்தில் வேலிக்குள்ளிருந்து ஒரு சத்தம். முதலில் தொண்டையைக் கனைப்பது மாதிரி ஏதேதோ கரகரப்பு, அப்புறம் "குவாக், குவாக், குவாக்" என்று நிறுத்தவே நிறுத்தாமல் கால் மணி நேரம். ஒரு தடவை மட்டும் ஓடுவதைப் பார்த்தேன், முகமும் மார்பும் வெள்ளை, மேல்பக்கம் கறுப்பு மாதிரி, கோழிக்குஞ்சைவிடக் கொஞ்சம் பெரிசு. என்ன பறவை?

மூன்றாவது, பக்கத்து வீட்டு அக்கா. "தண்ணி தேக்கி வச்சிருக்கீங்க, கொசு வருது, நான் சொல்லித்தான் ஆகணும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். கொசு வருகிறதுதான், என் தொட்டியிலிருந்தா என்றுதான் தெரியவில்லை.

பறவைக்கிறுக்கு – ஜூன் 28

வேலிக்குள் கத்துவது கானாங்கோழி, வெண்மார்புக் கானாங்கோழி என்று எழுதுவார்கள். அடுத்த தடவை பார்த்தால் வாலுக்கு அடியில் பாருங்கள், செங்கல் நிறத்தில் இருக்கும், நடக்கும்போது வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். மழைக்காலம் வந்தால் அதற்கு இருப்புக் கொள்ளாது, ராத்திரியிலும் கத்தும். தண்ணீரும் ஒளிய ஒரு புதரும் இருந்தால் ஊருக்குள்ளேயே குடும்பம் நடத்தும் பறவை. மருதாணி வேலியை இப்போதைக்கு வெட்டிவிடாதீர்கள், உள்ளே கூடு இருந்தாலும் இருக்கும்.

உங்கள் வாட்ச்மேன் குளத்துக் கொக்கு. மடையான் என்றும் குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். பக்கத்தில் போகிறவரை அசையாமல் இருப்பதால் கண் தெரியாது என்று நினைத்து வைத்த பேர், உண்மையில் அதற்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். முதுகு சிவப்பானது இனப்பெருக்க காலத்து உடை. சீசன் முடிந்தால் பழைய சாக்கு திரும்பி வரும்.

வரப்போரம் – ஜூன் 29

தம்பி, நான் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம். வீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்துக் குட்டை ஒன்று, அப்புறம் நானே கட்டிய ஒரு தொட்டி, இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஏழு மீன். புதுச் சிமென்ட்டில் சுண்ணாம்பு ஊறும், தண்ணீர் காரமாகிவிடும், கையை விட்டால் வழவழ என்று இருக்கும். மீன் வளர்க்கிறவர்கள் யாரும் புதுத் தொட்டியில் நேராக மீன் விடமாட்டார்கள். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, ஒரு வாரம் ஊறவிட்டு, நாறிப்போன தண்ணீரை இறைத்து, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவி, இதே மாதிரி இரண்டு மூன்று தடவை செய்த பிறகுதான் விடுவார்கள். கூடவே நீங்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் குளோரினும் சேர்ந்திருக்கும். அதைத் திறந்தவெளியில் ஓரிரு நாள் வைத்திருந்தாலே போகும். ஆக, ஏழைக் கொன்றது தொட்டி, பதின்மூன்றைத் தின்றது கொக்கு. கொக்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆரஞ்சு நிறத்தில் மீனை வாங்கி, ஒளிய ஓர் இலைகூட இல்லாத தண்ணீரில் விட்டால் அது தட்டில் வைத்துப் பரிமாறினது மாதிரிதான்.

நைலான் வலை மட்டும் வேண்டாம். நான் மூன்று வருஷத்துக்கு முன் கட்டினேன். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வலையில் ஒரு சாரை, நாலு முழம் இருக்கும். உள்ளே நுழைய முயன்று, பின்னால் வர முடியாமல், செதில் ஏறுமாறாகிச் சதைக்குள் நூல் இறங்கியிருந்தது. வலைக்கண்ணில் ஒரு தடவை நுழைந்துவிட்டால் பாம்பு பின்னோக்கி வருவது ரொம்பக் கஷ்டம். பழைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நானும் என் மச்சானும் அரைமணி நேரம் ஒவ்வொரு கண்ணாக வெட்டினோம். அது போன பிறகு வலையைச் சுருட்டி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டதோடு சரி. கட்டியே தீர வேண்டும் என்றால் விறைப்பான கம்பி வலையைச் சட்டத்தில் அடித்துத் தொட்டியில் பாதியை மட்டும் மூடுங்கள், நூல் வலை வேண்டாம்.

அப்புறம் உங்கள் கேள்வியை நான் திருப்பிக் கேட்கிறேன். மீன் எதுக்கு? அல்லி வளர்க்கத்தான் தொட்டி என்று நீங்களே சொல்கிறீர்கள். மீன் விடாமல் ஒரு மழைக்காலம் சும்மா விட்டுப் பாருங்கள். வருகிறவை தானாக வரும். நீங்கள் செய்ய வேண்டியது அவை இறங்கவும் ஏறவும் ஒரு வழி. உங்கள் தொட்டி செங்குத்தான சுவர், அதில் விழுந்த தவளையோ அணில் குட்டியோ ஏற முடியாமல் செத்துப்போகும். ஒரு மூலையில் கருங்கல்லும் உடைந்த ஓடும் அடுக்கிப் படி மாதிரி சரிவு கட்டுங்கள், மேல்படியில் தண்ணீர் ஓர் அங்குலம், இரண்டு அங்குலத்துக்கு மேல் நிற்கக்கூடாது. குருவிகள் குளிக்க அது போதும். மைனாவும் தவிட்டுக்குருவியும் அங்கே போடுகிற கூத்தைப் பார்த்தால் மீனை மறந்துவிடுவீர்கள். அடியில் தோட்டத்து மண் நான்கு அங்குலம், அதில் அல்லிக்கிழங்கு, ஓரத்தில் கோரை, வசம்பு, ஒரு பிடி வேலம்பாசி. சம்பு வேண்டாம், ஒரே வருஷத்தில் தொட்டியே சம்பாகிவிடும். வெங்காயத்தாமரையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மாடிவீடு – ஜூன் 29

வரப்போரம் அண்ணே, கிராமத்தில் இதெல்லாம் சரி. சிட்டியில் மீன் இல்லாமல் தண்ணீரைத் தேக்கி வை என்று ஒருவருக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சென்னை. இரண்டு வருஷத்துக்கு முன் என் பெண்ணுக்கு டெங்கு, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் தினமும் ரத்தம் எடுத்துத் தட்டணு எண்ணிக்கை பார்த்துப் பார்த்து நானும் வீட்டுக்காரரும் அரை உயிர் ஆகிவிட்டோம். அதற்கப்புறம் மொட்டைமாடியில் தாமரைத் தொட்டியில்கூடக் கப்பி இல்லாமல் நான் தண்ணீர் வைப்பதில்லை. கப்பி கொசுப்புழுவைத் தின்னும், காசும் கம்மி, தானே பெருகும். பல ஊர்களில் கிணற்றில் கம்பூசியா மீன் விடுவதே இதற்காகத்தானே? பக்கத்து வீட்டு அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொக்கு கப்பியைத் தின்றால் தின்றுவிட்டுப் போகிறது, மறுபடி விடலாம்.

வரப்போரம் – ஜூன் 29

தங்கச்சி, பிள்ளைக்கு உடம்பு சரியானதா? டெங்கு பயம் நியாயமான பயம்தான், அதை நான் லேசாகச் சொல்லவில்லை.

ஆனால் டெங்குக் கொசு வேறு ரகம். அது தேடுவது சுத்தமான, உயிரில்லாத, சின்ன இடத்துத் தண்ணீரை. டயர், தேங்காய்த் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற சாசர், மூடாத டிரம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவிடும், அந்த முட்டை காய்ந்து கிடந்தாலும் மாசக்கணக்கில் பிழைத்து, தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள். உங்கள் மாடித் தாமரைத் தொட்டி இந்த வகையில்தான் சேரும், அதில் மீன் விட்டது சரி. இவர் தொட்டி வேறு. மண்ணும் செடியும் பூச்சியும் சேர்ந்து உயிர் பிடித்த தண்ணீரில் கொசுப்புழு பிழைப்பது கஷ்டம், அதைத் தின்ன அங்கே ஒரு பட்டாளமே இருக்கும். ஒரே சிக்கல், அந்தப் பட்டாளம் வந்து சேர ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும், கொசுவுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். அந்த இடைவெளியில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஊசித்தட்டான் – ஜூன் 30

நாகர்கோவிலிலிருந்து. தட்டான்களுக்காகவே நான்கு வருஷமாக வீட்டில் குட்டிக் குளம் வைத்திருக்கிறேன், அதனால் இந்த மீன் சண்டையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

கப்பியும் கம்பூசியாவும் கொசுப்புழுவைத் தின்னும் என்பது சரி, ஆனால் அதோடு நிறுத்தாது. தவளை முட்டை, பிறந்த தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு, எது வாயில் நுழையுமோ அது எல்லாம் காலி. இரண்டுமே அமெரிக்கப் பக்கத்து மீன். கம்பூசியாவை 1928-இல் மலேரியாவுக்காக இங்கே கொண்டு வந்தார்கள், இன்றைக்கு அதை நம் ஓடை குளத்திலிருந்து எடுக்க வழியே இல்லை. அதனால் சிமென்ட்தொட்டி சார், மீனை எடுக்க முடிவு செய்தால் தயவுசெய்து பக்கத்து ஏரியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், யாராவது தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மீன் கட்டாயம் வேண்டும் என்றால் நம் வயல் ஓடைகளில் மேலாக நீந்தும், தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும் சின்ன மீன் இருக்கிறதே, அதில் நாலைந்து போதும். அதுவும் கொசுப்புழு தின்னும், நம்ம ஊர் மீன், சுற்றியிருக்கும் தவளைகளுக்கு அது ஒன்றும் புதுசில்லை.

கொசு உங்கள் தொட்டியிலிருந்துதானா என்று ஊகிக்க வேண்டாம், நேராகப் பார்த்துவிடலாம். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, தொட்டியின் ஓரத்தில், செடி நிழல் விழும் இடத்தில், சட்டென்று முக்கி எடுங்கள். அசையாமல் ஒரு நிமிடம் வைத்தால் கொசுப்புழு மேலே வந்து தலைகீழாகத் தொங்கும், டப்பாவைத் தட்டினால் நெளிந்துகொண்டு கீழே போகும். பத்து இடத்தில் எடுத்துப் பாருங்கள். அதே டப்பாவில் இன்னும் சிலது கிடைக்கும். மெலிந்து நீண்டு, வால் நுனியில் மூன்று இலை ஒட்டியிருந்தால் அது ஊசித்தட்டான் குஞ்சு. குண்டாக, சேறு பூசின சிலந்தி மாதிரி இருந்தால் பெரிய தட்டான் குஞ்சு. அதன் தாடை முகத்துக்கு அடியில் மடிந்திருக்கும், இரை பக்கத்தில் வந்ததும் ஒரு கை மாதிரி வெளியே பாயும், கண்ணால் பிடிக்க முடியாது. விரலால் தொட்டால் பின்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி முன்னால் போகும். என் அண்ணன் மகள் இதைப் பார்ப்பதற்கென்றே லீவுக்கு வருகிறாள்.

தொட்டியில் நேராக நிற்கிற குச்சிகள் சில ஊன்றி வையுங்கள், கோரை வளர்கிறவரைக்கும். தட்டான் குஞ்சு பெரிசானதும் ராத்திரியில் அதில் ஏறி, முதுகு வெடித்து வெளியே வரும். விடியும்போது போனால் ஈரமான இறக்கையோடு தொங்குவதைப் பார்க்கலாம், வெயில் ஏறினால் கூடு மட்டும்தான் மிச்சம். அந்தக் கூட்டை உடைக்காமல் எடுத்துப் பாருங்கள், முதுகுப் பிளவிலிருந்து வெள்ளை நூல் நாலைந்து தொங்கும். அது பூச்சி உள்ளே மூச்சு விட்ட குழாயின் உறை. முதல் தடவை பார்த்தபோது ஏதோ பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

செப்டம்பர், அக்டோபரில் மஞ்சள் நிறத் தட்டான் ஒன்று மைதானத்துமேல் கூட்டம் கூட்டமாகச் சுற்றும், நின்று உட்காரவே உட்காராது, தட்டான் தாழப் பறந்தால் மழை என்று பாட்டிமார் சொல்வார்களே, நான் சின்ன வயதில் பார்த்தது பெரும்பாலும் இதுதான். அதே தட்டான் அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் வந்து இறங்குகிறது. குளமே இல்லாத தீவில் இவ்வளவு தட்டான் எங்கிருந்து என்று தேடிய சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றைப் பிடித்துக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-இல் எழுதினார். மழைத்தண்ணீர் தேங்கின சின்னக் குட்டையில்கூட அது முட்டையிடும், ஒன்றரை மாசத்தில் இறக்கை முளைத்துவிடும். சார், உங்கள் தொட்டியிலிருந்து ஒன்று ஆப்பிரிக்கா போகலாம். நாற்பது ரூபாய்க்கு இது கட்டுப்படியாகும்தானே?

மாடிவீடு – ஜூலை 1

டப்பா விஷயம் நல்ல யோசனை, நானும் செய்து பார்க்கிறேன். கப்பியை நான் எடுக்கப்போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வரப்போரம் அண்ணே, பெண் நன்றாக இருக்கிறாள், ஒன்பதாவது படிக்கிறாள்.

சிமென்ட்தொட்டி – ஆகஸ்ட் 17

எல்லோருக்கும் நன்றி, பதில் போடத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

மிச்சமிருந்த கப்பியை வலைக்கூடையால் வாரி அலுவலக நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். வாரி முடிக்க மூன்று நாள் ஆனது, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. வாழைத்தண்டு வேலை இரண்டு சுற்று. நாற்றம் தாங்கவில்லை, வீட்டுக்காரி ஒரு வாரம் பின்கதவைத் திறக்கவில்லை. அப்புறம் மண், அல்லி, கோரை, கல் படி. வசம்பு கிடைக்கவில்லை.

டப்பா சோதனையில் ஜூலை நடுவில் என் தொட்டியில் கொசுப்புழு நிறையவே இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அப்போது பயந்துதான் போனேன். தினமும் சாயங்காலம் தேநீர் வடிகட்டியால் ஓரத்தைச் சுற்றி வடித்து எடுத்துச் சிமென்ட் தரையில் கொட்டினேன், இருபது நாள் இதே வேலை. ஆகஸ்ட் பிறந்ததும் ஒவ்வொன்றாகக் குறைந்து, நேற்றுப் பத்து இடத்தில் எடுத்ததில் ஒன்றே ஒன்று. அதற்குப் பதிலாக மல்லாந்து நீந்தும் ஒரு பூச்சி, துடுப்பு மாதிரி இரண்டு கால், டப்பாவுக்குள் நாலு. யாரும் கொண்டுவந்து விடவில்லை, பறந்து வந்திருக்கிறது போல.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு டப்பாவைக் காட்டினேன். நம்பாமல்தான் வந்தார். அப்புறம் அவரே, "எங்க வீட்டு டிரம்ல பாக்கலாமா" என்றார். போய்ப் பார்த்தோம். மாடியில் மூடி உடைந்த டிரம் ஒன்று, உள்ளே கருகருவென்று நெளிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டிரம்முக்குப் புது மூடி வந்துவிட்டது.

பறவைகளில் காலை ஏழு மணிக்குள் கல் படிக்கு வருகிறவை: தவிட்டுக்குருவி எப்போதும் ஏழெட்டுச் சேர்ந்துதான், ஒன்று குளித்தால் எல்லாம் குளிக்க வேண்டும். மைனா, கொண்டைக்குருவி, குண்டுக்கரிச்சான் ஜோடி. மத்தியானம் தேன்சிட்டு ஒன்று குளிக்க வந்தது, படிக்கு வரவில்லை, அல்லி இலைமேல் தேங்கியிருந்த ஒரு கரண்டித் தண்ணீரில் புரண்டது. மீன்கொத்தி ஒன்றும் மின்கம்பியில் உட்காருகிறது, பெரியது, நீல முதுகு, தொண்டை வெள்ளை. மீனே இல்லாத இடத்தில் இதற்கென்ன வேலை என்று பார்த்தால் வெட்டுக்கிளியைப் பிடித்துக் கம்பியில் அடித்து அடித்துத் தின்கிறது. வாட்ச்மேன் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார்.

இப்போது புதுக் கேள்வி. நேற்றுக் காலை தொட்டியில் ஒரு பாம்பு, இரண்டரை அடி இருக்கும், தலையை மட்டும் மேலே வைத்துக்கொண்டு கோரைக்குள் கிடந்தது. உடம்பில் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம். பையனுக்கு ஒன்பது வயது. வீட்டில் தொட்டியை மூடச் சொல்கிறார்கள்.

வரப்போரம் – ஆகஸ்ட் 17

கண்ணுக்குக் கீழேயும் பின்னாலேயும் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடு இருந்ததா? இருந்தால் தண்ணீர்ப் பாம்பு. விஷம் இல்லை, ஆனால் கோபக்காரன், பிடித்தால் கடிக்கும், ரத்தமும் வரும். பிடிக்கவே வேண்டாம், தவளை தீர்ந்தால் தானே போய்விடும். ஆனால் எல்லாப் பாம்பும் தண்ணீர்ப் பாம்பாக இருக்காது, அதனால் தொட்டியைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், கல் குவியல் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், இருட்டினால் டார்ச் இல்லாமல் பையன் பின்பக்கம் போகக்கூடாது. ராத்திரி தொட்டிக்குள் கை விடுவதும் வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இந்தச் சட்டம்தான்.

பறவைக்கிறுக்கு – ஆகஸ்ட் 18

ஒரு யோசனை. இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள், முடிந்தால் பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் இணையதளத்திலும் போடுங்கள். தினமும் 15 நிமிடம், ஒரே நாற்காலி, வந்த பறவைகளை மட்டும். காக்கை, மைனாவையும் விடாமல் எழுதுங்கள், எல்லோரும் அபூர்வப் பறவையையே எழுதிக்கொண்டிருந்தால் சாதாரணப் பறவை குறைவது யாருக்கும் தெரியாமல் போய்விடும். 2015-இலிருந்து பொங்கலுக்கு நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதற்கும் இதே 15 நிமிடம்தான், வீட்டுப் பின்பக்கத்திலிருந்தே செய்யலாம். பையனை எண்ண விடுங்கள், நீங்கள் எழுதுங்கள்.

சிமென்ட்தொட்டி – அக்டோபர் 20

பாம்பு பத்து நாளில் போய்விட்டது, கறுப்புக் கோடு இருந்தது. வீட்டில் மூடச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள், காரணம் வேறு.

இம்மாதத் தொடக்கத்தில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலையில் தொட்டி விளிம்பை ஒட்டி, கொய்யாக் கிளை தண்ணீர்மேல் தாழ்ந்திருக்கும் இடத்தில், இலையோடு சேர்த்து வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தது. தேங்காய் அளவு இருக்கும். யாரோ ஷேவிங் நுரையை அப்பிவிட்டார்களோ என்று பையனைத்தான் முதலில் திட்டினேன். முந்தின இரவெல்லாம் மரக்கட்டையைத் தட்டுவது மாதிரி "டக்… டக்…" என்று கேட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளுமே பழுப்பு நிறத் தவளை, அதன் வேலை என்று ஊசித்தட்டான் மேடம் தனிச் செய்தியில் சொன்னார். பின்னங்காலால் அடித்து அடித்து நுரை உண்டாக்கி அதற்குள் முட்டை வைக்குமாம், தண்ணீருக்குள் இருக்கும் பூச்சிகளுக்கு எட்டாத உயரத்தில். வெளிப்பக்கம் ஒரே நாளில் அப்பளம் மாதிரி காய்ந்து மஞ்சளானது. உள்ளே ஈரம்.

ஐந்தாம் நாள் மறுபடி மழை. நான், வீட்டுக்காரி, பையன், பக்கத்து வீட்டு அக்கா, நாலு பேரும் குடையோடு நின்றோம். நுரையின் அடிப்பக்கம் கரைந்து நூலாக இறங்க, அதில் கடுகு மாதிரி ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. விழுந்ததும் வால் முளைத்த மாதிரி ஓடியது. பையன் நாற்பத்தேழு வரை எண்ணினான், அதற்குமேல் எண்ண முடியவில்லை, அக்கா வேறு குறுக்கே குறுக்கே "அங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று குழப்பிவிட்டார். கப்பி இருந்திருந்தால் அன்றைக்கு அவற்றுக்குக் கல்யாணச் சாப்பாடு.

கானாங்கோழி வேலிக்குள்ளிருந்து குஞ்சுகளோடு வெளியே வந்தது, கரிக்கட்டை மாதிரி நாலு குஞ்சு. இப்போது மூன்று. தெருப்பூனை ஒன்று சுற்றுகிறது, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

இன்று விடியற்காலை முருங்கைக்கு அடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஒரு பறவை. பச்சை முதுகு, கண் மேல் கறுப்புப் பட்டை, வயிற்றுக்கு அடியில் சிவப்பு, வாலே இல்லாத மாதிரி குட்டையாக. இரண்டு விசில் சேர்த்து அடித்தது. மணி பார்த்தேன், ஆறு அடிக்க ஐந்து நிமிடம்.

பறவைக்கிறுக்கு – அக்டோபர் 20

ஆறுமணிக் குருவி! அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துவிட்டது. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருவது, வந்த களைப்பில் சில நேரம் வீட்டுக்குள்கூட நுழைந்துவிடும். முருங்கைக்கு அடியில் சருகைக் கூட்டாதீர்கள், பிடித்துவிட்டால் ஏப்ரல் வரை உங்களோடுதான். ஜன்னல் கண்ணாடியில் மரம் தெரிகிறதா என்று வெளியே நின்று பாருங்கள், தெரிந்தால் உள்பக்கம் திரை போடுங்கள், அதில் மோதித்தான் நிறையச் சாகின்றன. பூனைக்கு நான் செய்தது, வேலிக்கு அடியில் எலுமிச்சை முள்ளை வெட்டி ஒரு முழ அகலத்துக்குப் பரப்பினேன். முழுசாக நிற்கவில்லை, ஆனால் ஓடி வந்து பாய்வது நின்றது.

வாட்ச்மேன் என்ன ஆனார்?

சிமென்ட்தொட்டி – அக்டோபர் 21

மதில்மேல்தான் இருக்கிறார். முதுகு பழையபடி சாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. தலைப்பிரட்டை தின்கிறார், பையனுக்கு அதில் கோபம். எலுமிச்சை முள்ளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறது.